கோட்டைக்கு வெளியே காலி நிலம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டத்தான் சரியாக இருக்கும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். கூட்டத்தில் பேசினால் பாதிப் பேர் மேஜைக்கடியில் செல்போன் பார்ப்பீர்கள், எனக்குக் கோபம் வரும். எழுத்தென்றால் அலுவலக ஷட்டில் பஸ்ஸில் உட்கார்ந்துகூடப் படிக்கலாம், எனக்கும் ரத்தக்கொதிப்பு ஏறாது.

இதே சிறுசேரி அலுவலகத்தில், வரைபடம் வெளியே போவதற்கு முன் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவள் நான். நம் வேலை உங்களுக்கே தெரியும். எங்கோ ஓர் ஊர் வளரப் போகிறது. அந்த ஊர்க்காரர்கள் வானத்திலிருந்து எடுத்த படங்களையும் தங்களிடம் இருக்கும் விவரங்களையும் அனுப்புவார்கள். எது வீடு, எது பள்ளிக்கூடம், எது சாலை, எது சும்மா கிடக்கும் நிலம் என்று பிரித்து, வண்ணம் போட்டு வரைந்து கொடுப்போம். அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அவர்கள் புதுத் தெருக்களை யோசிப்பார்கள். அந்த ஊரை நாம் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மென்பொருளை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதில் நீங்கள்தான் எனக்கு வகுப்பெடுப்பீர்கள். நான் சொல்லப் போவது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தைப் பற்றி.

ஊர் எதுவென்றால், ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டின் தலைநகரம். பெயர் சொல்ல மாட்டேன். வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஓய்வு பெற்றாலும் கையெழுத்து கையெழுத்துதான். அலுவலகத்தில் நாங்கள் அதைக் "கோட்டை" என்றே சொன்னோம். ஊரைச் சுற்றி நட்சத்திரம் போல முனை முனையாக நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த மதில். மதிலைச் சுற்றி அகழி. அகழிக்கு வெளியே ஊரை வளைத்துக்கொண்டு ஓர் அகலமான சரிவு. பீரங்கிக் காலத்தில் எதிரி ஒளிந்து வர ஒரு மரம்கூட இருக்கக் கூடாதென்று அந்தச் சரிவை வெட்டவெளியாக வைத்திருந்தார்களாம். பீரங்கி போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அங்கே கட்டடம் கட்டக் கூடாது என்ற சட்டம் மட்டும் போகவில்லை.

மதிலுக்குள்ளே ஜனம் பிதுங்கி வழிந்தது. வேலைக்கு வந்த இளசுகள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் பக்கத்து ஊர்களிலிருந்து ரயில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நம் கூடுவாஞ்சேரிக் கதைதான், குளிர் மட்டும் அதிகம். கடைசியில் அந்த ஊர் நகராட்சி சட்டத்தை மாற்றி, மதிலைத் தாண்டி ஊரை விரிவாக்க முடிவு செய்தது. அந்தச் சரிவில் அடுக்குமாடி வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், டிராம் வண்டிக்குப் பாதை. அதற்கான முதல் வரைபடம் நம் கைக்கு வந்தது.

வந்த முதல் வாரமே அசடு வழிந்தோம். அகழி முழுக்க நீலம் போட்டு அனுப்பிவிட்டோம். நமக்கு அகழி என்றால் தண்ணீர்தானே? செங்கல்பட்டில் கோட்டையையும் ஏரியையும் ஒன்றாகப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. அங்கிருந்து பதில் வந்தது. "எங்கள் அகழி எப்போதோ வற்றிவிட்டது. பிள்ளைகள் அங்கே கால்பந்து ஆடுகிறார்கள். தயவுசெய்து அவர்களை மூழ்கடிக்காதீர்கள்." சிரித்துக்கொண்டேதான் எழுதியிருந்தார்கள். நாங்களும் சிரித்தோம், பச்சையாக மாற்றி அனுப்பினோம். இல்லாத தண்ணீரைப் பார்த்த கண், இருக்கிற எதையாவது பார்க்காமலும் விட்டிருக்குமே என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரிப்பில் ஒரு கெடுதல் உண்டு, தப்பு அதோடு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இப்போது ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே பேர்தான், குழப்பம் இல்லை.

விநாயகம், அச்சரப்பாக்கம் பக்கத்துப் பையன். கை அவ்வளவு வேகம். வாய் அதைவிட வேகம். சரிவைப் பிரித்து வண்ணம் போட்டது அவன்தான். கோட்டைக்கு வெளியே, அரசாங்கத்துக்குச் சொந்தமான, எவர் பெயரிலும் இல்லாத நிலம். அதற்கு நம் ஊரில் என்ன பெயரோ அதையே அந்த வண்ணத்துக்கும் வைத்தான், "பொறம்போக்கு" என்று. எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். வெளியே போகும் தாளில் அது நாகரிகமாக "காலி நிலம்" என்று மாறிவிடும்.

அடுத்து முரளி சார், கோயம்புத்தூர்க்காரர், எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர். நல்ல மனிதர். மனிதர் நல்லவராக இருந்தாலும் அவருக்கு மேலேயும் ஆட்கள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது கஸ்தூரி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வந்தவள், வீட்டில் எல்லோருக்கும் கடல் தொழில். நகரமைப்புப் படிப்பு முடித்து என் பிரிவில் சேர்ந்திருந்தாள். அவளிடம் ஒரே ஒரு குறை, மந்தம். ஒரு தாளை மற்றவர்கள் முடித்து டீ குடித்துவிட்டு வரும்போது அவள் பாதியில் இருப்பாள். "என்னம்மா, எழுத்துக்கூட்டிப் படிக்கிறியா?" என்று நானே கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு மறுபடியும் அதே வேகத்தில் போவாள். வேலையை நிரந்தரமாக்க வேண்டிய நேரம் வந்தபோது முரளி சார் தள்ளிப் போட்டார். இன்னொரு முறை தள்ளிப் போட விதி கிடையாது. கோட்டை வேலை சுத்தமாக, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நிரந்தரம். இல்லையென்றால் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை. சாயங்காலத்துக்குள் வரைபடம் அங்கே போக வேண்டும். அவர்கள் அதைப் பெரிதாக அச்சடித்துத் திங்கட்கிழமை நகராட்சி மண்டபத்தில் ஊர் ஜனம் பார்க்க மாட்டப் போகிறார்கள். சாப்பாடு முடிந்து நான் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மேம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"காலி எடத்துல யாரு மேம் துணி காயப் போட்டுக்கீறாங்க?"

அவள் காட்டியது நாங்கள் வரையப் பயன்படுத்திய படம் இல்லை. நாங்கள் பயன்படுத்தியது பனிக்காலத்துப் படம். மரத்தில் இலை இருக்காது, கட்டடம் தெளிவாகத் தெரியும் என்று அதைத்தான் அனுப்பியிருந்தார்கள். அதில் சரிவு பூராவும் வெறும் பழுப்பு, அங்கங்கே புள்ளிகள் இருந்தாலும் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டன. அவள் திறந்து வைத்திருந்தது கோடைக்காலத்துப் பழைய படம், மரங்களை எண்ணுவதற்காக வேறொரு கோப்பில் கிடந்தது. அதை யாரும் இந்த வேலைக்காகத் திறந்தே பார்க்கவில்லை. திறக்கும்படி எவரும் சொல்லவும் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். சரிவின் மேற்குப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கூரை. இடையிடையே கயிறு மாதிரி மெல்லிய கோடு, கோட்டின் மேல் வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டுகள்.

விநாயகம் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான். "இன்னா கஸ்து, மறுபடியும் மொதல்லேர்ந்தா? அவங்க ஷீட்லயே கவர்மென்ட் எடம், காலின்னு போட்டுக்கீது. நமக்கு இன்னாத்துக்கு?"

"காலின்னா இது இன்னாது?"

"எவனாவது டென்ட் போட்டுக்கீறான். கோடைல ஜாலியா வந்து படுத்துகினு போவான்."

"இல்ல விநாயகம். வரிசயா கீது, வேலி கீது. இது வூடு. மேம், இங்க ஜனங்க கீறாங்க மேம். நான் வூடுன்னு மாத்திடறேன்."

கவனியுங்கள், இரண்டு பேரும் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்று. ஒருத்தன் காலி என்கிறான், ஒருத்தி வீடு என்கிறாள். அவள் குரலில் இருந்த சூடு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே எனக்குப் பயமாகவும் இருந்தது.

"கஸ்தூரி, அது வீடுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் மேம்."

"பார்த்தியா?"

அவள் படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

"நாம காலின்னு போட்டது பார்க்காம போட்டது. நீ வீடுன்னு போட்டா அதுவும் பார்க்காம போடறதுதான். அது தப்புன்னா இது மட்டும் எப்படிச் சரியாகும்?"

முகம் சுண்டிப் போய்விட்டது. நான் அவள் பக்கம் இல்லை என்று நினைத்துவிட்டாள்.

அங்கே இருக்கும் நம் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நம் சாயங்காலம் அவர்களுக்கு மதியம், வெள்ளிக்கிழமை மதியத்தோடு அவர்களுக்கு வாரம் முடிந்துவிடும். மின்னஞ்சல் போட்டேன், விடுமுறையில் இருப்பதாக இயந்திரம் பதில் சொன்னது. நகராட்சிக்கு நேராகப் போன் போடலாமே என்பீர்கள். கூடாது. ஒருங்கிணைப்பாளரைத் தாண்டி நாம் அவர்களிடம் பேசக் கூடாதென்பது ஒப்பந்தம். இப்போதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்த மாதிரி எல்லோரும் பேசினார்கள். ஒன்று, அப்படியே அனுப்பு. இல்லையா, நிறுத்து. நிறுத்தினால் திங்கட்கிழமை மண்டபத்தில் வெறும் சுவர்தான் இருக்கும், கோட்டை வேலையே நம் கையை விட்டுப் போகும், அதோடு கஸ்தூரியும் போவாள். அனுப்பினால் ஒரு வம்பும் இல்லை. யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கொடுத்த விவரத்தில்தானே காலி என்று இருக்கிறது. ஆனால் என் கையெழுத்து அதில் இருக்கும். பார்த்த பிறகு போடும் கையெழுத்து வேறு, பார்க்காமல் போடும் கையெழுத்து வேறு. நான் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

அவசரத்தில் மூளை இரண்டு வழியைத்தான் காட்டும். மூன்றாவது இருக்கிறதா என்று கேட்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் போதும், ஆனால் அந்த நேரத்தை நாம் எடுத்துக்கொள்வதில்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது விஷயம் ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்தது. நமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே வரைந்துவிட்டால் என்ன? அந்தக் கட்டங்கள் இருக்கிற பகுதியில் வண்ணத்தை எடுத்துவிட்டுச் சாய்கோடு போடுவது. ஓரத்தில் ஒரு வரி: "இங்கே நிலத்தின் பயன்பாடு உறுதி செய்யப்படவில்லை. கோடைக்காலப் படத்தில் மனிதப் புழக்கம் தெரிகிறது." வரைபடமும் நேரத்துக்குப் போகும், பொய்யும் போகாது.

முரளி சாரின் கண்ணாடி அறைக்குப் போய்ச் சொன்னேன். படத்தைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மேடம், இது நம்ம வேலையில வராதுங்க. அவங்க ஊர்ல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சிருக்கும் சார். தெரிஞ்சிருந்தா நாம போடற சாய்கோட்டை அழிச்சிட்டுப் படத்தை மாட்டிக்கட்டும். நமக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ஊர் ஜனம் பாக்கற படத்துல இப்படிக் கேள்வி போட்டு அனுப்பினா கோவிச்சுக்குவாங்க."

"கோவிச்சுக்கட்டும் சார். நீலம் போட்டப்போ சிரிச்சாங்க இல்ல, இப்போ கோவிச்சுக்கட்டும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "அனுப்பிருங்க. உங்க கையெழுத்து, நான் குறுக்க நிக்கல. ஆனா ஒண்ணுங்க மேடம். ஏதாவது வில்லங்கமாச்சுன்னா உங்கள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, நீங்க ரிட்டயராகப் போறவங்க. அந்தப் பொண்ண என்னால காப்பாத்த முடியாது. கோடு போட்டது யாருன்னு ஃபைல்லயே இருக்கும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அதனால் நான் கஸ்தூரியைத் தனியே கூப்பிட்டு அதை அப்படியே சொன்னேன். மறைத்துவிட்டு அவளைக் கோடு போடச் சொல்வது அயோக்கியத்தனம். விநாயகத்தை விட்டுப் போடச் சொல்கிறேன், உன் பெயரே வராது, நீ நல்லபடியாக நிரந்தரமாகு என்றும் சொன்னேன். நிஜமாகவே அப்படிச் செய்யத் தயாராக இருந்தேன். ஒரு வேலையின் அருமை எனக்குத் தெரியும்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேம்" என்று வெளியே போனாள். படிக்கட்டுப் பக்கம் நின்று ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போன் போட்டிருப்பாள் என்று நினைத்தேன், இல்லை, சும்மாதான் நின்றிருக்கிறாள். திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானே போடறேன் மேம். வூடுன்னு போட மாட்டேன். கோடுதான் போடறேன்."

போட்டாள். மந்தமாகத்தான். ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பையும் தொட்டுத் தொட்டு, அந்தத் தீப்பெட்டிக் கூரை ஒன்றுகூட வெளியே நின்றுவிடாமல். முரளி சார் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஷட்டில் கிளம்புவதற்குச் சற்று முன்னால் வரைபடம் போய்ச் சேர்ந்தது. 

திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை வந்தது பாருங்கள் கடிதம். கேட்கப்படாத குறிப்பை வரைபடத்தில் சேர்த்தது யார், யார் அனுமதித்தது, அடுத்த கட்ட வேலையை உங்களுக்குக் கொடுப்பதா என்று மறுபரிசீலனை செய்கிறோம். அந்த மாதிரி மொழியில் கோபப்பட அவர்களால்தான் முடியும். முரளி சாரை மேலேயிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பாவம், அந்த வாரம் முழுக்க மனிதர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

மண்டபத்தில் நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. படத்தை மாட்டியவர்கள் ஓரத்துக் குறிப்பைப் படிக்கவே இல்லை. படித்தது ஊர் ஜனம். அவை வீடுகள் இல்லை, தோட்டங்கள். மதிலுக்குள்ளே எல்லோருக்கும் அடுக்குமாடி, கைப்பிடி மண்கூடக் கிடையாது. அதனால் பழைய காலத்திலேயே நகராட்சி அந்தச் சரிவைத் துண்டு துண்டாக்கிக் குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அவரைக்காய், உருளைக்கிழங்கு, பூச்செடி, மழைக்கு ஒதுங்க ஒரு சின்னக் கொட்டகை. பாட்டன் நட்ட ஆப்பிள் மரத்தைப் பேரன் கிளை வெட்டிக் கவாத்து பண்ணிக்கொண்டிருக்கிறான். கோடை முழுக்க அவர்கள் வாழ்க்கையே அங்கேதான். பனி விழுந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இது தோட்டத் துறைக்குத் தெரியும். திட்டத் துறைக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடியாம். கேட்டதும் நம் ஊர் அலுவலகங்களின் ஞாபகம் வந்து எனக்கு அந்த ஊர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. யாரும் சதி செய்யவில்லை. கட்டடம் இல்லையென்று சட்டம் சொன்னது, கட்டடம் இல்லாத இடம் காலி என்று ஓர் அதிகாரி எழுதினார், அதை நம்பி நாம் வண்ணம் போட்டோம்.

படத்தில் தங்கள் தோட்டத்தைத் தேடி வந்தவர்கள் சாய்கோட்டைப் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மாள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, "உறுதி செய்யப்படவில்லையா? இதோ நான் நிற்கிறேனே, உறுதி செய்துகொள்ளுங்கள்" என்றாராம். அப்புறம் மண்டபத்தில் ஒரே கூச்சல். நகராட்சி வேறு வழியில்லாமல் தோட்டக்காரர்களைக் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கஸ்தூரி ஆசைப்பட்டபடி வீடு என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு தோட்டக் கொட்டகையை வீடு என்கிறார்கள்" என்று ஊரே சிரித்திருக்கும், நம் படம் குப்பைக்குப் போயிருக்கும், கூடவே அந்தத் தோட்டங்களும். அவள் மனசு சரியாகச் சொன்னது, ஆனால் அவள் சொல்ல வந்த வார்த்தை தப்பு. உங்கள் மனசு ஒன்றைச் சரியாகச் சொல்லும்போதுதான் நீங்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இதை அவளிடமும் சொன்னேன். "ஆமா மேம், தோட்டம்னு எனக்குத் தோணவே இல்ல. எங்க பக்கம் அந்த மாதிரி ஒண்ணு ஏது" என்றாள்.

நாலைந்து மாதம் இழுத்தது. அவர்கள் கோபம் மெல்லத் தணிந்தது. திட்டத்தை மாற்றி வரைந்தார்கள், மாற்றிய திட்டமும் நம்மிடமே வந்தது. தோட்டங்களில் பாதி அப்படியே இருந்தன. டிராம் பாதை வேறெங்கும் வளையாததால் மறுபாதி போயிற்று. போனவர்களுக்கு மதிலின் வடக்குப் பக்கம் வேறு துண்டு கொடுத்தார்கள். அந்த அம்மாளின் தோட்டம் எந்தப் பாதியில் இருந்தது என்று நான் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

அது முடிந்த கையோடு கஸ்தூரியின் கெடுவும் வந்துவிட்டது. முரளி சாரின் அறையில் நாங்கள் மூன்று பேர். அவர் மடிக்கணினியில் அவளுடைய பெயர் திறந்து கிடந்தது. நிரந்தரம், விடுவிப்பு என்று இரண்டே பொத்தான்கள். நான் எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். முடிவு அவர் கையில்தான்.

"கஸ்தூரி, நான் கோவமா கேக்கலம்மா. இவ்வளவு கலாட்டா ஆச்சு. மேல நான் வாங்கின திட்டு எனக்குத்தான் தெரியும். கடைசில பாத்தா பாதித் தோட்டம் போயிருச்சு. அந்தக் கோடு போட்டு என்ன பிரயோஜனம்? நாளைக்கு மறுபடியும் இப்படி ஒண்ணு வந்தா என்ன பண்ணுவ?"

இனிமேல் நேரத்துக்கு அனுப்பிவிடுகிறேன் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லித் தொலையேன் என்று நான் அவளையே பார்த்தேன்.

"கேட்டாங்க இல்ல சார்" என்றாள்.

"என்ன கேட்டாங்க?"

"யாரு இங்க கீறீங்க, இன்னா பண்றீங்கன்னு அவங்கள கூப்ட்டுக் கேட்டாங்க இல்ல சார். கேட்டுட்டுதான எடுத்தாங்க. எங்கள அது கூட கேக்கல."

"எங்களன்னா?"

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க குப்பத்துல வல காயப் போடுற மணலு சார். எங்கப்பா, சித்தப்பா எல்லாருக்கும் அதுதான் எடம். மழ மாசத்துல வந்து அளந்தாங்க. மழயில எவன் சார் வல காயப் போடுவான்? ஒண்ணுமில்ல, காலின்னு எழுதிகினு பூட்டாங்க. எங்களுக்குச் செவுரு எழும்பறப்பதான் தெரியும்." பிறகு நிமிர்ந்து முரளி சாரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும் சார் அந்த எடம். போன தபா ஆபீஸ்ல எல்லாரையும் பஸ்ஸுல இட்டுகினு போனீங்களே, ரிசார்ட்டு. நீச்சல் குளம் கீது பாருங்க, அதுதான்."

அந்த ரிசார்ட்டுக்கு அவளும் எங்களோடு வந்திருந்தாள். சாப்பிட்டாள், விளையாட்டுக்குக் கை தட்டினாள். நான் அந்தக் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த அவளிடம், "உங்க ஊர்ப் பக்கம் எவ்வளவு அழகா இருக்குடி" என்று சொன்னேன். "ஆமா மேம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதை நினைத்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

முரளி சார் அவளை வேறொன்றும் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினார். "கன்ஃபர்ம் பண்ணிட்டேம்மா. போய் வேலையப் பாரு" என்றார். அவள் "தேங்க்ஸ் சார்" என்று எழுந்து போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விநாயகம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான், அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த தாளைத் திறந்தாள்.

முரளி சார் மடிக்கணினியை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பொங்கல் லீவுக்கு மறுபடியும் அங்கயே போனேனுங்க மேடம். பிள்ளைங்களோட அந்தக் குளத்துலதான் குளிச்சேன்" என்றார்.

"நானும் அதுல காலை நனைச்சேன் சார்" என்றேன்.